நமீபியா கிராவல் சாலைகளில் பைக் பயணம்: கிளம்பும் முன்பிருந்து திரும்பி வரும் வரை

ஆப்பிரிக்காவில் முதல்முறை பைக் ஓட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் நமீபியாவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நல்ல தேர்வுதான். இங்கேயும் நம் ஊரைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், போக்குவரத்து மிகக் குறைவு, ஆங்கிலம் போதும். ஆனால் இங்கே விழுகிறவர்கள் மோசமான சாலையில் விழுவதில்லை. அகலமான, நேரான, பார்க்க வழுவழுவென்று இருக்கும் கிராவல் (சரளைக் கல் பரப்பிய) சாலையில்தான் விழுகிறார்கள். சாலை நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் வேகம் தானாக ஏறிவிடுகிறது. கீழே உள்ள வரிசை முழுவதும் அந்த ஒரு ஆபத்தை மனதில் வைத்துப் போட்டது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். பகலில் ஓட்ட இதமாக இருக்கும். ஜூன், ஜூலை இரவுகளில் பாலைவனத்தில் குளிர் பூஜ்யத்தை ஒட்டிப் போகும். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்து மெல்லிய ஸ்லீப்பிங் பேக்கோடு வருகிறவர்கள் முதல் இரவே தூங்க முடியாமல், மறுநாள் களைப்போடு வண்டியை எடுக்கிறார்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை மழைக்காலம். சாலைக்குக் குறுக்கே ஓடும் காய்ந்த ஆறுகளில் திடீரென்று வெள்ளம் வரும். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், மேட்டுப் பகுதியில் பெய்த மழை போதும். முதல் பயணத்துக்கு இந்த மாதங்கள் வேண்டாம்.

2. காகிதங்கள்

இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும். அது ஒரு வருடம் செல்லும். அதோடு அசல் உரிமத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அனுமதிச் சீட்டு தனியாகச் செல்லாது.

அடிஸ் அபாபா, நைரோபி வழியாக விமானம் பிடிக்கிறவர்கள் இடைநிற்கும் நேரத்தைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லுபடியாகும்.

பயணக் காப்பீட்டை வரி வரியாகப் படியுங்கள். பல பாலிசிகள் குறிப்பிட்ட சிசிக்கு மேற்பட்ட பைக்கை விலக்கி வைத்திருக்கும். பைக் விபத்தும், தொலைவிலிருந்து மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் வேறு எதில் வேண்டுமானாலும் குறையுங்கள், இதில் வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவில் வாடகைக்கு எடுத்து நமீபியாவுக்குள் நுழைவதாக இருந்தால், வண்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோக உரிமையாளர் கொடுக்கும் அனுமதிக் கடிதமும் பதிவுச் சான்றின் நகலும் தேவை. எல்லையில் வெளிநாட்டு வண்டிக்கான சாலைக் கட்டணம் கட்டிய ரசீதை வெளியேறும் வரை பத்திரமாக வையுங்கள். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒன்றுக்கு ஒன்று. நமீபியாவில் ராண்டை வாங்கிக்கொள்வார்கள். தென்னாப்பிரிக்காவில் நமீபிய டாலரை வாங்க மாட்டார்கள். திரும்பும் முன் செலவழித்துவிடுங்கள்.

3. எந்த பைக்

ஒரு மாதத்துக்குக் குறைவான பயணத்துக்குச் சொந்த பைக்கைக் கப்பலில் அனுப்புவது பணத்துக்கும் நேரத்துக்கும் கட்டுப்படியாகாது. நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கிலோ தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலோ வாடகைக்கு எடுங்கள்.

பெரிய பைக் வேண்டும் என்ற ஆசையை அடக்குவதுதான் இங்கே முக்கியம். 250 கிலோ பைக் தார் ரோட்டில் சொகுசு. மணலில் படுத்துவிட்டால், அன்று மூன்றாவது முறை தூக்கும்போது உங்கள் முதுகு போய்விடும். 200 கிலோவை ஒட்டி, முன்சக்கரம் 21 அங்குலம், ஸ்போக் வீல் உள்ள வண்டி போதும். 21 அங்குலச் சக்கரம் தளர்ந்த கல்லின் மேல் ஏறிப் போகும். சின்ன சக்கரம் அதற்குள் புதையும்.

வண்டியை வாடகைக்கு எடுக்கும்போதே வாடகைக்காரர் முன்னால் இவற்றைப் பாருங்கள்: டயரில் பாதிக்கு மேல் பட்டன் (மேலே துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள்) இருக்க வேண்டும், ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்க வேண்டும், முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரைத் திருப்பினால் நடுவில் எங்கும் சிக்கக் கூடாது, ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டினால் கணீரென்ற ஒரே மாதிரி ஒலி வர வேண்டும். மொத்தையாகக் கேட்கும் ஸ்போக் தளர்ந்திருக்கிறது. ரிம்மில் ஏற்கெனவே உள்ள நசுங்கல்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. வழித்தடமும் பெட்ரோலும்

வரைபடத்தில் பி என்று தொடங்குபவை தார்ச் சாலைகள். சி பெரும்பாலும் கிராவல். டி இன்னும் சிறிய கிராவல். எண்ணைப் பார்த்து மட்டும் தரத்தை முடிவு செய்யாதீர்கள். நேற்று கிரேடர் (சாலையைச் சமன்படுத்தும் இயந்திரம்) ஓடிய டி சாலை, மூன்று மாதமாகக் கவனிக்காத சி சாலையை விட நன்றாக இருக்கும். பெட்ரோல் போடுகிற இடத்தில் எதிர்த்திசையிலிருந்து வந்த ஓட்டுநரிடம் கேளுங்கள். அதைவிடப் புதிய தகவல் எங்கும் கிடைக்காது.

திட்டமிடும்போது புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது: எட்டோஷா தேசியப் பூங்காவுக்குள் பைக்குக்கு அனுமதி இல்லை. ஸ்கெலிட்டன் கோஸ்ட் பூங்காவுக்குள்ளும் இல்லை. கடற்கரை ஓரமாகவே வடக்கே ஏறிவிடலாம் என்று சி34இல் திட்டம் போட்டு வருகிறவர்கள் வாயிலில் திரும்ப வேண்டியிருக்கும். ஹெண்டீஸ் பேயிலிருந்து சி35 பிடித்து ஊயிஸ் வழியாக கோரிக்சாஸ் போவதே பைக்குக்கான வழி. எட்டோஷாவைப் பார்க்க, வெளியே உள்ள விடுதியில் பைக்கை நிறுத்திவிட்டு அவர்கள் ஜீப்பில் போகலாம். சோசஸ்வ்லே பள்ளத்தாக்கிலும் கடைசி 5 கிலோமீட்டர் ஆழமான மணல். அதற்கு ஷட்டில் ஜீப் இருக்கிறது.

பெட்ரோல் கணக்கைப் புத்தகத்தில் போட்டிருக்கும் மைலேஜை வைத்துப் போடாதீர்கள். 13 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்றால் 260 வருகிறது. வால்விஸ் பேயிலிருந்து சொலிடேர் வரை சி14இல் சுமார் 230 கிலோமீட்டர், நடுவில் பங்க் கிடையாது. கணக்கு சரியாகத்தான் தெரியும். ஆனால் எதிர்க்காற்று, மூட்டை, தளர்ந்த கிராவல் மூன்றும் சேர்ந்தால் மைலேஜ் 17க்கு இறங்கும்; அப்போது 221தான் வரும். குய்செப் கணவாயைத் தாண்டி, சொலிடேருக்குப் பத்து கிலோமீட்டர் முன்னால் நிற்பீர்கள். அதனால் ஓட்ட வேண்டிய தூரத்தோடு 100 கிலோமீட்டர் கூட்டி, அதற்குப் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 5 லிட்டர் கேன்.

சோசஸ்வ்லேயின் வாயிலான செஸ்ரியத்திலிருந்து தெற்கே ஆஉஸ் போகிறவர்களுக்கு பெட்டா, ஹெல்மெரிங்ஹவுசன் இரண்டிலும் பங்க் உண்டு. டேங்க் பாதி இருந்தாலும் இரண்டிலும் நிரப்புங்கள். சிறிய ஊர்களில் ஸ்டாக் தீர்ந்திருக்கலாம், கார்டு மெஷின் வேலை செய்யாமலும் போகலாம். கையில் ரொக்கம் இருக்கட்டும்.

முதல் இரண்டு நாட்களுக்கு கிராவலில் 200 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிட வேண்டாம். அழகுக்குப் பெயர் பெற்ற டி707இல் மணல் திட்டுகள் உண்டு. அதையும், செங்குத்தான ஸ்ப்ரீட்ஷூக்தே கணவாயையும் முதல் நாளில் வைக்காதீர்கள். கை பழகிய பிறகு அவை இரண்டுமே இந்தப் பயணத்தின் சிறந்த பகுதிகள்.

5. டயர் காற்று

டியூப் உள்ள, மூட்டை ஏற்றிய, நடுத்தர எடை பைக்குக்கு: தார் ரோட்டில் முன்னால் 29, பின்னால் 33 பிஎஸ்ஐ. கிராவலில் முன்னால் 25, பின்னால் 27. ஆழமான மணலில் இரண்டிலும் 18 முதல் 20.

காற்றைக் குறைத்தால் டயர் தரையில் அகலமாகப் படியும்; கல்லின் மேல் உருளாமல் அதை அணைத்துக்கொண்டு போகும். ஆனால் கிராவலில் 22க்குக் கீழே போகாதீர்கள். கூரான கல் டயரையும் டியூப்பையும் ரிம்மோடு வைத்து நசுக்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை போடும். மணலுக்காகக் குறைத்த காற்றோடு தார் ரோட்டில் 100இல் போனால் டயர் சூடேறிக் கிழியும். சின்ன கம்ப்ரசர் அல்லது கால் பம்பு, நம்பகமான கேஜ் இரண்டும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அளவை விடியற்காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

6. மூட்டையும் தண்ணீரும்

மொத்த மூட்டை 25 கிலோவுக்குள். கனமானவை கீழே, பைக்கின் நடுவை ஒட்டி. பின்னால் உயரமாகக் கட்டினால் முன்சக்கரம் லேசாகி, கிராவலில் தலையாட்டத் தொடங்கும். துணிப் பை நல்லது. விழும்போது அலுமினியப் பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் கணுக்கால் மாட்டினால் எலும்பு முறியும்.

தண்ணீர், ஓட்டும் நாளில் ஒருவருக்கு 6 லிட்டர். அதில் 3 லிட்டர் முதுகுப் பையில் குழாயோடு இருக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் தண்ணீரை யாரும் இறங்கி எடுத்துக் குடிப்பதில்லை. வறண்ட காற்றில் வியர்வை தெரியாமலே காய்ந்துவிடும். தலைவலி வரும்போது ஏற்கெனவே தாமதம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. கிராவலில் ஓட்டும் முறை

சட்டப்படி கிராவலில் 100 வரை போகலாம். நீங்கள் 70 முதல் 80க்குள் இருங்கள். தளர்ந்த கல்லில் பிரேக் பிடித்தால் நிற்க எடுக்கும் தூரம் தாரில் எடுப்பதை விட மிக அதிகம். கண் பார்த்ததற்கு முன்னால் கை செயல்பட முடியாது.

ஓட்டும் நிலை: ஃபுட்பெக்கில் எழுந்து நில்லுங்கள், முழங்காலால் டேங்க்கைப் பிடியுங்கள், முழங்கை வெளியே, கைப்பிடி இளக்கமாக. எடை கால் வழியாகக் கீழே இறங்கினால், வண்டி உங்களுக்கு அடியில் தானாக அசைந்து நேராகிக்கொள்ளும். கையை இறுக்கினால் அந்த அசைவை நீங்களே பெரிதாக்குகிறீர்கள். நாள் முழுக்க நிற்க முடியாது. நேரான கெட்டிச் சாலையில் உட்காருங்கள், மாற்றம் தெரியும் இடத்தில் எழுந்துவிடுங்கள்.

கார்கள் ஓடி ஓடிச் சாலையில் இரண்டு மூன்று கெட்டியான தடங்கள் இருக்கும். அவற்றுக்கு நடுவே தள்ளப்பட்ட கல் வரப்பாகக் குவிந்திருக்கும். ஒரு தடத்தைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள். தடம் மாற வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்து, எழுந்து நின்று, ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்தபடி ஒரே மூச்சில் வரப்பைத் தாண்டுங்கள். வரப்பின் மேலேயே ஓரமாக ஓடவிட்டால் முன்சக்கரம் இழுத்துக்கொள்ளும்.

முன்சக்கரம் ஆழமான கல்லில் மாட்டி ஹேண்டில்பார் ஆடத் தொடங்கும் அந்த நொடியில்தான் பெரும்பாலான விழுதல்கள் நடக்கின்றன. பயத்தில் கை தானாக ஆக்சிலேட்டரை மூடும்; எடை முன்னால் பாயும்; சக்கரம் இன்னும் புதையும். செய்ய வேண்டியது: உடலைப் பின்னால் தள்ளி, முழங்காலை இறுக்கி, ஆக்சிலேட்டரை இருந்த இடத்திலேயே வைத்திருங்கள் அல்லது ஒரு நூல் அளவு திறவுங்கள். பார்வை தூரத்தில். ஆட்டம் அடங்கிய பிறகு மெல்ல வேகத்தை இறக்குங்கள். இதை ஊருக்கு வெளியே ஒரு காலிச் சாலையில் 40இல் பத்து முறை பழகிவிட்டுப் புறப்படுங்கள்.

பிரேக்: முதலில் பின், பிறகு முன் பிரேக்கை இரண்டு விரலால். பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி இருந்தால் கிராவலில் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் இறக்கத்தில் வண்டி நிற்காமல் ஓடுவது போலத் தோன்றும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதீர்கள். முப்பது கிலோமீட்டர் நேராக வந்த பிறகு ஒரே ஒரு வளைவு வரும். அதற்கு முந்தைய மஞ்சள் பலகையைக் கவனிக்காதவர்கள் வேலிக்குள் போகிறார்கள்.

வரி வரியான குலுக்கல் பகுதி வந்தால், மிக மெதுவாகப் போனால் ஒவ்வொரு வரியும் எலும்பைக் குலுக்கும். 60, 70இல் டயர் வரிகளின் முகட்டில் மிதந்து போகும். ஆனால் மிதக்கும்போது பிடிமானம் பாதிதான். நேராக இருக்கும் வரை மட்டும் இந்த வித்தை.

எதிரே வண்டி வந்தால் 50க்கு இறங்கி இடது ஓரத்துக்கு வந்து தலையைத் தாழ்த்துங்கள். கல் பறக்கும். பிறகு வரும் தூசி மேகத்துக்குள் இன்னொரு வண்டி இருக்கலாம், முன்னேறாதீர்கள். குழுவாகப் போனால் ஒருவருக்கொருவர் ஒரு நிமிட இடைவெளி. தூசியில் பின்தொடர்பவர் முன்னால் உள்ள பள்ளத்தைப் பார்க்கவே மாட்டார்.

டி சாலைகளில் பண்ணை கேட்டுகள் வரும். திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். கால்நடைகளின் மேய்ச்சல் அந்தக் கேட்டை நம்பியிருக்கிறது.

8. மணல் திட்டு

காய்ந்த ஆறு குறுக்கிடும் இடத்தில் மணல் நிச்சயம். அதற்கு முன்பே மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறங்கி, எழுந்து நின்று, எடையைப் பின்னால் வைத்து, நிதானமான ஆக்சிலேட்டரோடு நுழையுங்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்திருக்க வேண்டும். அது மணலில் எஞ்சினை அடக்கி வண்டியைப் புதைத்துவிடும். நடுவில் நிறுத்தாதீர்கள்.

நின்றுவிட்டால் ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள். பின்சக்கரம் அச்சு வரை குழி தோண்டிக்கொள்ளும், க்ளட்ச் எரியும். இறங்கி, வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, குழிக்குள் மணலைத் தள்ளி, மறுபடி நிமிர்த்தி, பக்கத்தில் நடந்தபடி முதல் கியரில் வெளியே கொண்டு வாருங்கள்.

கடற்கரை உப்புச் சாலைகளுக்குத் தனி எச்சரிக்கை. காயும்போது தார் போல இருக்கும். காலைப் பனிமூட்டத்தில் நனைந்தால் சோப்பு தேய்த்த தரை. பத்து மணிக்குப் பிறகு கிளம்புங்கள்.

9. பஞ்சர்

முன், பின் இரண்டு டியூப்பும் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் 21 அங்குல முன் டியூப். அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் மடித்துப் போடலாம், பின் டியூப்பை முன்னால் போட முடியாது. மூன்று லீவர், வால்வ் திருகி, டால்கம் பவுடர், அச்சுக்கான சரியான ஸ்பேனர் வேண்டும். வாடகை வண்டியின் டூல் பையில் அந்த ஸ்பேனர் இருக்கிறதா என்று முதல் நாளே ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

கழற்றும் பாகங்களை ஒரு துணியில், கழற்றிய வரிசையில் வையுங்கள். அச்சில் மணல் ஒட்டினால் பேரிங் போய்விடும். சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கை அழுத்தாதீர்கள், பேடுகளுக்கு நடுவே மரத்துண்டு செருகுங்கள்.

டயர் விளிம்பு ரிம்மை விட்டு அசையவில்லையென்றால், நண்பரின் வண்டி சைடு ஸ்டாண்டை விளிம்பின் மேல் வைத்து அந்த வண்டியைச் சாய்த்து அழுத்துங்கள். லீவர் போடும்போது எதிர்ப்பக்க விளிம்பை முழங்காலால் ரிம்மின் பள்ளத்துக்குள் தள்ளி வைக்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் ‘டயர் கழலவே மாட்டேன் என்கிறது’ என்ற புலம்பல் வருகிறது.

டியூப்பை எடுத்ததும் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே வாருங்கள். முள் துணியில் மாட்டும். விரலால் தேடினால் விரல் கிழியும். அங்குள்ள கருவேல வகை முட்கள் விரல் நீளம் இருக்கும். ஒன்று எடுத்தபின் இன்னொன்று இருக்கிறதா என்று மறுபடி ஒரு சுற்று. இதைத் தவறவிட்டு புது டியூப்பைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் அதுவும் போகும்.

புது டியூப்பில் உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து, பவுடர் தூவி உள்ளே வையுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வருகே முடியுங்கள். கடைசி நான்கு அங்குலம்தான் டியூப்பைக் கடிக்கும் இடம்; அங்கே வால்வை உள்ளே ஒருமுறை அழுத்திவிட்டு லீவரை மெல்லத் தூக்குங்கள். பிறகு 40 பிஎஸ்ஐ வரை அடித்து, டயர் ஓரத்துக் கோடு சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, வேண்டிய அளவுக்கு இறக்குங்கள்.

வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்காதீர்கள், மூடிப் பக்கம் தள்ளி வையுங்கள். குறைந்த காற்றில் டயர் ரிம்மில் நழுவினால் வால்வ் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வு உங்களுக்கு முன்கூட்டியே கிடைக்கும் எச்சரிக்கை. நட் இறுகியிருந்தால் சாயாமல் அடியோடு பிய்ந்துவிடும்.

10. தினமும் மாலை இருபது நிமிடம்

குலுக்கலில் போல்ட்டுகள் கழலும். லக்கேஜ் ரேக், சப்ஃபிரேம், செயின் கார்டு, கண்ணாடி, பேட்டரி முனை என்று ஒரே வரிசையில் தினமும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஒருமுறை கழன்றதற்கு நடுத்தர வலு லாக்டைட் (போல்ட் கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு.

ஏர் ஃபில்டரைத் தூசி அதிகமான நாட்களில் திறந்து பாருங்கள். மணலில் செயினுக்கு எண்ணெய் விட்டால் அது அரைக்கும் பசையாகிவிடும். உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள், அதுவே போதும். செயின் தொய்வை, நீங்களும் மூட்டையும் ஏறியிருக்கும் நிலையில் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இறுக்கமான செயின் எஞ்சின் பக்கத்து பேரிங்கையே கெடுக்கும்.

11. மிருகங்கள்

மாலை ஐந்து மணிக்குள் நிறுத்துங்கள். மேற்கே போனால் சூரியன் கண்ணில் அடிக்கும். அதே நேரத்தில் குடு மான் சாலைக்கு வரும். அது வேலியைத் தாண்டிக் குதிக்கும், வண்டியின் எந்தப் பக்கம் ஓடும் என்று கணிக்க முடியாது. இருட்டில் ஓட்டவே கூடாது.

வடமேற்கில் பாம்வாக், செஸ்ஃபோன்டெயின் பகுதியிலும், வடகிழக்கில் ப்வப்வத்தா வழிச் செல்லும் பி8இலும் யானைகள் சாலையைக் கடக்கும். நூறு மீட்டருக்கு முன்பே நின்று, வண்டியை வந்த வழிக்குத் திருப்பி வைத்து, எஞ்சினை அணைக்காமல் காத்திருங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள். ஹாரன் வேண்டாம். இந்தப் பகுதிகளில் சாலையோரக் கூடாரமும் வேண்டாம். பாம்வாக் பக்கம் சிங்கங்களும் திறந்த வெளியில் திரிகின்றன.

வடக்கிலிருந்து தெற்கே வரும்போது ரெட் லைன் எனப்படும் கால்நடை நோய்த் தடுப்பு வேலியில் சோதனை உண்டு. பச்சை இறைச்சியை அங்கேயே விட வேண்டியிருக்கும். அதற்கு முந்தைய நாளே சமைத்து முடித்துவிடுங்கள்.

12. விழுந்தால்

முதலில் எஞ்சின் கில் சுவிட்ச். பிறகு உங்களைப் பாருங்கள், வண்டியைப் பிறகு பார்க்கலாம். கழுத்து வலி இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், படுத்த இடத்திலேயே இருங்கள். பல பகுதிகளில் மொபைல் சிக்னல் கிடையாது; செயற்கைக்கோள் மெசேஞ்சரை மூட்டையில் கட்டாமல் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். வண்டி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் கிடந்தால் மூட்டையில் இருப்பது பயன்படாது.

தூக்கும்போது முதலில் கியரில் போடுங்கள், சரிவில் உருளாது. வண்டி வலப்பக்கம் சாய்ந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். பின்பக்கமாகத் திரும்பி, இடுப்பை சீட்டோடு ஒட்டி, ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பின் கம்பியில், காலால் தள்ளிச் சிறு சிறு எட்டாகப் பின்னால் நடந்தால் முதுகுக்குச் சுமை இல்லாமல் எழும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா, பிரேக் லீவர் முறிந்திருக்கிறதா, எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். விழுந்த பதற்றத்தில் உடனே ஓட்டுகிறவர்கள் அடுத்த சில கிலோமீட்டரிலேயே இரண்டாவது முறை விழுகிறார்கள்.